தாளில் விழாத ஆட்டம்

ஸ்கோர் மேசைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது இரண்டு பேனைகள். ஒன்று சிவப்பு, மற்றது நீலம். கூடைப்பந்தில் முதலாம், மூன்றாம் கால்பகுதிகளைச் சிவப்பால் எழுத வேண்டும். இரண்டாம், நான்காம் கால்பகுதிகளை நீலத்தாலோ கறுப்பாலோ எழுத வேண்டும். சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் விதி அது. எந்தப் புள்ளி எந்த நேரத்தில் விழுந்தது என்பதைப் பிறகு பார்க்கிறவர் நிறத்தைக் கொண்டே கண்டுபிடிப்பார்.

தாளின் வலப்பக்கம் ஒன்றில் தொடங்கி எண்கள் வரிசையாக இறங்கும். இரண்டு புள்ளி விழுந்தால் அந்த எண்ணின் மேல் சாய்கோடு இழுத்து, பக்கத்தில் வீரரின் இலக்கத்தை எழுதுவோம். மூன்று புள்ளியென்றால் அந்த இலக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம். தண்ட எறி விழுந்தால் எண்ணின் மேல் கறுத்த பொட்டு. இடப்பக்கம் பெயர்கள், பெயருக்கு நேரே பவுலுக்கு ஐந்து கட்டங்கள், அதற்கு மேலே ரைம் அவுட். தொடங்கும்போது இறங்கிய ஐந்து பேருக்கும் பெயருக்குப் பக்கத்தில் புள்ளடி போட்டு அதை வட்டமிடுவோம். உத்தியோகபூர்வத் தாளில் ஓர் ஆட்டக்காரரைப் பற்றிப் பதிவாவது ஏறக்குறைய இவ்வளவுதான். கடைசிப் பாசைக் கொடுத்தவர் ஆர், கூடையில் பட்டுத் திரும்பிய பந்தைப் பிடித்தவர் ஆர், எதிர் அணியின் கெட்டிக்காரனை மூலையில் மறித்து எறியவிடாமல் வைத்திருந்தவர் ஆர் என்ற கேள்விகளுக்கு அந்தத் தாளில் கட்டமே இல்லை.

ஆனால் எங்கள் யாழ்ப்பாணத் தீவகத்துப் போட்டிகளில் இந்தத் தாள்தான் கடைசியில் தீர்ப்பும் எழுதுகிறது. இறுதிப்போட்டி முடிந்து, கதிரைகளை மேடைப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கும் நேரத்தில், ஏற்பாட்டுக் குழுவில் ஒருவர் கையில் ஒரு சின்னக் கிண்ணத்தோடு மேசைக்கு ஓடி வருவார்.

"சேர், ஆர் கூட அடிச்சது?"

அவர் கேட்பது சிறந்த ஆட்டக்காரரின் பெயரை. கேள்வி மட்டும் அப்படி வருகிறது. வென்ற அணியில் ஆகக் கூடப் புள்ளி எடுத்தவரின் பெயரை நாங்கள் சொன்னால், அடுத்த நிமிடம் அது ஒலிபெருக்கியில் கேட்கும். "கூட அடிச்சது இந்தப் பிள்ளை. ஆனால் ஆகச் சிறப்பா விளையாடினது ஆர் எண்டு கேட்டால் நான் வேற பேர் சொல்லுவன்" என்று பதில் சொல்ல நான் தொடங்கிக் கனகாலம். அந்தப் பதிலைக் கேட்க நின்றவர்கள் குறைவு. இந்தக் கட்டுரையை அதற்காகவே எழுதுகிறேன்.

நான் வேலணைக்காரன். 1990, 91 இல் போரால் தீவகம் வெறிச்சோடியபோது எங்கள் குடும்பமும் யாழ்ப்பாண நகரத்துக்கு இடம்பெயர்ந்தது. ஊரில் நான் கண்ட விளையாட்டுகள் உதைபந்தும் கரப்பந்தும் தாச்சியும்தான். நகரத்துக் கல்லூரியில் சீமெந்துத் தளத்தில் பந்து துள்ளுகிற சத்தத்தைக் கேட்டுத்தான் கூடைப்பந்துக்குப் போனேன். அணியில் இடம் கிடைக்கிற உயரம் எனக்கு இருக்கவில்லை. ஸ்கோர் எழுதினேன். பிறகு உடற்கல்வி ஆசிரியராகித் தீவகத்துக்கே திரும்பி வந்தபோது, கூடைப்பந்துக்குத் தளமுள்ள பள்ளிக்கூடங்களைத் தேடவேண்டி இருந்தது. வலைப்பந்தோ எல்லா இடத்திலும் இருந்தது. இரண்டு கம்பமும் சுண்ணாம்புக் கோடும் இருந்தால் மணலிலும் பெட்டைப்பிள்ளையள் விளையாடுவார்கள். அதனால் என் மேசை வாழ்க்கையில் பாதி கூடைப்பந்து, பாதி வலைப்பந்து. கூடைப்பந்து அமெரிக்காவில் 1891 இல் பிறந்தது. சில ஆண்டுகளில் அது இங்கிலாந்துக்குப் போய், அங்கே பெண்களுக்கென்று மாற்றப்பட்டு வலைப்பந்து ஆனது. இரண்டிலும் வளையம் நிற்கும் உயரம் ஒன்றுதான், 3.05 மீற்றர்.

தீவகத்தில் ஸ்கோர் எழுதுவதற்கும் நகரத்தில் எழுதுவதற்கும் வித்தியாசம் உண்டு. மின்சார மணிக்கூடு இருக்காது. ஒருவர் கையில் ஸ்டொப் வோச், இன்னொருவர் கையில் 24 செக்கன் எண்ண இன்னொன்று, அடுத்த பந்து எந்தப் பக்கத்துக்கு என்று காட்ட மட்டையில் வெட்டிய அம்புக்குறி. மேசையில் தாள் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் கல் வைக்க வேண்டும். அந்தக் காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வைகாசிக்குப் பிறகு சோழகம் எழும்பும். மறைக்க மரமில்லாத மைதானத்தில் அது ஆட்டத்தையே மாற்றிவிடும். கூடைப்பந்தில் பந்து பாரம், 600 கிராமுக்குக் கிட்ட. பலகையும் இருக்கிறது. அப்படி இருந்தும் 6.75 மீற்றர் கோட்டுக்கு வெளியே இருந்து எறியும் பந்து வளையத்துக்குப் பக்கத்தால் போய்விடும். வலைப்பந்தின் பந்து அதைவிட இலேசு. வளையத்தின் உள்விட்டமும் கூடைப்பந்தில் 45 சென்ரிமீற்றர் என்றால் இதில் 38. பலகை கிடையாது. அந்தக் காற்றில் தூர நின்று எறிகிற சூட்டரை நம்பி ஓர் அணி இறங்கமுடியாது. வளையத்தின் காலடியில் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பிள்ளையும், அதைச் சேரவிடாமல் மறிக்கிற பிள்ளையும்தான் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பார்கள். இந்த இரண்டு பேரும் தாளில் இல்லாதவர்கள்.

நகரத்து ஆட்களுக்கு விளங்காத இன்னொரு விஷயம் கடல். நெடுந்தீவு அணி ஒரு போட்டிக்கு வருவதென்றால் காலமை போட் எடுத்து, குறிகாட்டுவானில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து வரவேண்டும். கடல் கொந்தளித்தால் வராது. வந்தாலும் பின்னேரப் போட்டைப் பிடிக்க நேரத்துக்குப் போயாக வேண்டும். நயினை அம்மன் திருவிழா நடக்கிற நாட்களில் குறிகாட்டுவானில் கால் வைக்க இடமிராது. அந்த நேரம் போட்டி வைக்க ஒருத்தரும் நினைப்பதில்லை. காரைநகரில் இருந்து வருகிறவர்கள் ஊர்காவற்றுறைக்குப் பாதை என்கிற மிதவையில் ஏறிக் கடலைக் கடக்கிறார்கள். இப்படி வந்து சேருகிற பிள்ளைகள் முதல் ஆட்டத்திலேயே பாதிக் களைப்போடு நிற்பார்கள்.

பரிசளிப்பு நேரத்தில் போட்டுக்காகக் கிளம்பிப் போய்விட்ட ஒரு நெடுந்தீவுப் பிள்ளையை எனக்கு மறக்கமுடியாது. வலைப்பந்து இறுதிப்போட்டி. அவள் கோல் கீப்பர். வலைப்பந்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஏழு பேர் விளையாடும் அந்த ஆட்டத்தில் கோல் போட விதி அனுமதிப்பது கோல் சூட்டர், கோல் அற்றாக் என்ற இருவரை மட்டும். மற்ற ஐந்து பேரும் எவ்வளவு திறமாக விளையாடினாலும் அவர்களின் பெயருக்கு நேரே ஒரு கோல்கூட வராது. கோல் கீப்பரின் வேலை, எதிரணிச் சூட்டரின் காலடியில் இருந்து 3 அடி தள்ளி நின்று கையை உயர்த்தி மறிப்பது. 3 அடிக்குக் கிட்டப் போனால் தண்டம், உடம்பு முட்டினால் தண்டம். தள்ளாமல், பிடிக்காமல், கால்களால் மட்டும் ஓர் ஆளை அடக்கவேண்டிய வேலை அது.

எதிரணிச் சூட்டர் அந்தப் போட்டித் தொடர் முழுக்க நின்ற இடத்தில் இருந்து போட்டுக்கொண்டு வந்தவள். உயரமான பிள்ளை, கை நிதானம். இறுதிப்போட்டியில் நெடுந்தீவுப் பிள்ளை அவளுக்கு முன்னால் நிற்கவில்லை, பக்கத்தில் நின்றாள். பந்து வருகிற பாதைக்கும் சூட்டருக்கும் இடையில் ஒரு தோள் அகலம் எப்போதும் அவளுடையதாக இருந்தது. பந்து சூட்டரின் கைக்குப் போனாலும் வளையத்துக்கு வெகுதூரத்தில்தான் போய்ச் சேர்ந்தது. அங்கே இருந்து சோழகத்துக்குள் எறியவேண்டும். தவறிய பந்து கீழே வரும்போது அதற்குக் கீழே நின்றதும் இவள்தான். மூன்றாம் கால்பகுதியில் சூட்டரைக் கோல் அற்றாக் இடத்துக்கு மாற்றிப் பார்த்தார்கள். இவளும் கோல் டிஃபென்சுக்கு மாறி அவளோடே போனாள்.

நெடுந்தீவு தோற்றது. அவர்களின் சொந்தச் சூட்டர்களுக்கும் அதே காற்றுத்தானே. கடைசி விசில் ஊதிய உடனே உடுப்பு மாற்றவும் நேரமில்லாமல் பஸ்ஸில் ஏறினார்கள். குழுவில் இருந்து ஆள் வந்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் அந்தக் கோல் கீப்பரின் பெயரைச் சொன்னேன். "சேர், அவா ஒரு கோலும் போடேல்லையே! தோத்த ரீம் வேற. ஆளும் போட்டுக்குப் போட்டுது" என்றார். மூன்று காரணங்களும் அவருக்கு நியாயமாகப் பட்டன. கிண்ணம், அன்று அந்தப் பிள்ளையால் அடக்கப்பட்ட அதே சூட்டருக்குப் போனது.

இந்த வழக்கு எங்களுடையது மட்டும் அல்ல. உலகத்தின் ஆகப் பெரிய கூடைப்பந்து மேசையிலும் இதே வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் என்.பி.ஏ. இறுதித் தொடர் ஏழு ஆட்டங்கள் வரை போகும், முதலில் நாலு வென்றவர் சம்பியன். அந்தத் தொடரின் ஆகப் பெறுமதியான ஆட்டக்காரர் என்ற விருதை 1969 இல் தொடங்கினார்கள். முதல் விருது ஆருக்குப் போனது என்பதை எங்கள் ஏற்பாட்டுக் குழுக்கள் எல்லாம் அறியவேண்டும். தோற்ற அணிக்காரருக்குப் போனது. லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியின் ஜெரி வெஸ்ட், தொடரில் சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 37.9 புள்ளிகள் எடுத்தார். ஏழாவது ஆட்டத்தில் தொடைப் பின்தசை நோவோடு இறங்கி 42 புள்ளிகள், 13 ரிபவுண்ட் (பட்டுத் திரும்பிய பந்தைப் பிடித்தது), கூடையாக முடிந்த 12 பாஸ். லேக்கர்ஸ் 108க்கு 106 என்று பொஸ்டனிடம் இரண்டு புள்ளியால் தோற்றது. வாக்களித்தவர்கள் வெற்றிக் கிண்ணத்தைப் பார்க்காமல் ஆட்டத்தைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகளில் தோற்ற அணியில் இருந்து ஒருவருக்கும் அது கிடைக்கவில்லை. தொடக்கத்தில் இருந்த துணிவு முதல் ஆண்டோடு முடிந்துபோனது என்பதுதான் என் எண்ணம்.

அந்த ஏழாவது ஆட்டத்தில் மறுபக்கம் நின்றவர் பில் ரசல். 13 பருவங்களில் 11 முறை சம்பியனான மனிதர். அன்றைய ஆட்டமே அவரின் கடைசி ஆட்டம். இந்த விருது அவருக்கு ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை, ஏனென்றால் அவர் போகிற வருடத்தில்தான் அது வந்தது. மறிப்பதும், தட்டிவிடுவதும், ரிபவுண்ட் எடுப்பதும் அவரின் ஆட்டம். அவர் தட்டிவிட்ட பந்துகளை அந்தக் காலத்தில் உத்தியோகபூர்வமாக எண்ணவும் இல்லை. என்.பி.ஏ. அதை எண்ணத் தொடங்கியது 1973-74 பருவத்தில். 2009 இல் விருதுக்கே அவரின் பெயரை வைத்தார்கள். எந்த ஆட்டத்தை மேசை எண்ணாமல் விட்டதோ அந்த ஆட்டத்தின் தலைமகனின் பெயர் இன்று அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது. எனக்கு அதில் பெரிய ஆறுதல்.

2015 இறுதித் தொடரைப் பற்றி நான் பயிற்சி கொடுக்கிற இடமெல்லாம் பேசுவேன். கிளீவ்லண்ட் அணிக்கு லேப்ரோன் ஜேம்ஸ். அவரின் பக்கத்தில் நிற்கவேண்டிய பெரிய ஆட்டக்காரர் இருவரில் ஒருவர் முன்பே காயத்தால் வெளியே, மற்றவர் முதல் ஆட்டத்தோடு வெளியே. தனி ஆளாக நின்று ஓர் ஆட்டத்துக்கு 35.8 புள்ளிகள், 13.3 ரிபவுண்ட், 8.8 பாஸ் என்று சராசரி எடுத்தார். அணி தோற்றது. வென்ற கோல்டன் ஸ்டேற்றில் அந்தப் பருவம் முழுவதற்குமான சிறந்த வீரர் ஸ்டீபன் கரி இருந்தார். விருது இந்த இரண்டு பேருக்கும் போகவில்லை. ஆன்ட்ரே இகுவடாலாவுக்குப் போனது. அந்தப் பருவத்தில் அதுவரை ஓர் ஆட்டத்தையும் முதல் ஐவரில் ஒருவராகத் தொடங்காதவர் அவர். தொடரில் பின்தங்கியபோது நாலாவது ஆட்டத்தில் அவரை முதலில் இறக்கினார்கள். அதிலிருந்து மூன்று ஆட்டமும் வென்றார்கள். அவரின் சராசரி 16.3 புள்ளிதான். லேப்ரோனை மறிப்பதுதான் அவரின் வேலை. வாக்களித்த 11 பேரில் 7 பேர் இகுவடாலா என்றார்கள், 4 பேர் லேப்ரோன் என்றார்கள், கரிக்கு ஒன்றும் இல்லை.

அந்த மேசையில் நான் இருந்திருந்தால் என் வாக்கும் இகுவடாலாவுக்குத்தான். ஆனால் அந்த நாலு பேரையும் நான் பிழை சொல்லமாட்டேன். தோற்றவனின் ஆட்டத்தைக் கண்டு வாக்களித்தவர்கள் அவர்கள். அந்த 11 பேரில் ஒருவரும் "ஆர் வென்ற ரீமில் கூட அடிச்சது?" என்று மட்டும் கேட்டு முடிவெடுக்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் கரியின் பெயர் வந்திருக்கும்.

எங்கள் தீவகத்து வீடுகளுக்குள் என்.பி.ஏ. வந்தது 2019 இல். அதுவரை நான் பேசினால் "சேருக்கு அமெரிக்கா விசர்" என்று விட்டுவிடுவார்கள். அந்த வருடம் இறுதித் தொடருக்கு வந்தது ரொறன்ரோ ராப்ரர்ஸ். ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு என்று எந்த ஊரை எடுத்தாலும் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் சொந்தம் இல்லாத வீடு அரிது. அங்கே பிறந்த பிள்ளைகள் ராப்ரர்ஸ் சேட்டோடு நின்ற படங்கள் அம்மம்மாமாரின் போன்களுக்கு வைபரில் வந்தன. ரொறன்ரோவில் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கும் ஆட்டம் எங்களுக்குக் காலமை ஆறரைக்கு. ஆறாவது ஆட்டம் எங்கள் நாட்கணக்கில் 14 யூன், வெள்ளிக்கிழமை. முதல் பாதியைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். மிச்சத்தைச் சொந்தக்காரர் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். 114க்கு 110. அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் ஓர் அணி என்.பி.ஏ. சம்பியனானது அதுதான் முதல் தடவை.

விருது கவாய் லெனர்டுக்கு. சராசரி 28.5 புள்ளியும் 9.8 ரிபவுண்டும். சரியான தெரிவு. கவாய் 2014 இலும் சான் அன்ரோனியோ அணியில் இதே விருதை எடுத்தவர், அப்போது பேர் வாங்கிக் கொடுத்தது லேப்ரோனை அவர் மறித்த விதம். ஆனால் 2019 இல் 11 வாக்கில் 10 தான் அவருக்கு விழுந்தது. மற்ற ஒரு வாக்கு ஃபிரெட் வான்விலீட்டுக்கு. அதைப் போட்டவர் ஹியூபி பிரவுண் என்ற மூத்த பயிற்றுநர், பிறகு வர்ணனையாளர். வான்விலீட் ஆறடி உயரக்காரர். 2016 இல் ஆட்டக்காரரைத் தெரிவுசெய்யும் நாளில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. அந்தத் தொடரில் கரியின் பின்னாலேயே ஓடினார். நாலாவது ஆட்டத்தில் முழங்கை பட்டு முகத்தில் தையல் போட்டது. ஆறாவது ஆட்டத்தில் 22 புள்ளி, அதில் 12 கடைசிக் கால்பகுதியில். ஹியூபி பிரவுண் பல ஆண்டுகள் பயிற்றுநராகப் பெஞ்சில் இருந்து ஆட்டம் பார்த்த மனிதர். எல்லோரும் ஒரு பக்கம் பார்த்தபோது அவர் கரியோடு ஓடிக்கொண்டிருந்தவரைப் பார்த்தார். கவாய்க்குத்தான் நானும் கொடுத்திருப்பேன். ஆனால் என் மாணவருக்கு நான் சொல்லிக் கொடுப்பது அந்தப் பதினோராவது வாக்கை.

அதற்கு ஒரு மாதம் கழித்து, அதே 2019 யூலையில், இங்கிலாந்தின் லிவர்பூலில் வலைப்பந்து உலகக் கிண்ணம். 16 அணிகளில் இலங்கை 15ஆவது. ஆனால் முழுத் தொடரிலும் ஆகக் கூடிய கோல்கள் போட்டவர் இலங்கையின் கோல் சூட்டர் தர்ஜினி சிவலிங்கம். எங்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, புன்னாலைக்கட்டுவன். இரண்டு மீற்றரையும் தாண்டிய உயரம். 15ஆவது இடத்தில் வந்த அணியில் இருந்து ஒருவர் உலகத்தின் முன்னணி அணிகளின் சூட்டர்களை எல்லாம் தாண்டிக் கோல் போடுவது சாதாரணமான காரியம் இல்லை. 2009, 2018, 2022 என்று ஆசியக் கிண்ணத்தை இலங்கை வென்ற ஆண்டுகளிலும் அவர் அணியில் இருந்தார். 2022 இறுதிப்போட்டியில் சிங்கப்பூரை 63க்கு 53 என்று வென்றார்கள். அன்று இரவே டுபாயில் ஆசியக் கிண்ணக் கிரிக்கெற்றையும் இலங்கை வென்றது. மறுநாள் தெருவில் எல்லா வாயிலும் கிரிக்கெற்தான்.

தர்ஜினியைப் பார்த்துவிட்டு எங்கள் பிள்ளையள் எல்லாரும் சூட்டர் சட்டையைக் கேட்டார்கள். நல்லதுதான். அந்த உயரம் ஒருகாலத்தில் தெருவில் கேலிக்கு ஆளாகிற உயரம், இன்று பெற்றோர் பெருமையோடு சொல்கிற உயரம். ஆனால் அவரின் ஆட்டத்தைப் பயிற்சியில் காட்டும்போது நான் இரண்டு இடத்தில் நிறுத்துவேன். ஒன்று, பந்து வருவதற்கு முன் அவர் நிற்கும் இடம். வளையத்துக்குக் கீழே ஓரடி நிலத்தைப் பிடித்து, பின்னால் இருந்து நெருக்குகிறவருக்கு விட்டுக்கொடுக்காமல் காலை ஊன்றி நிற்பார். உயரம் கிடைத்தது, அந்தக் கால் ஊன்றல் உழைத்து எடுத்தது. மற்றது, அவருக்குப் பந்து வருகிற பாதை. வட்டத்தின் விளிம்பில் இருந்து சென்ரரோ விங் அற்றாக்கோ இரண்டு மறிப்பாளரின் விரல் நுனிக்கு மேலால், ஒரு கை உயரமும் கூடாமல் குறையாமல் தூக்கிப் போடுகிறார். அந்தப் பாஸ் கொஞ்சம் தாழ்ந்தால் பறிபோகும், கொஞ்சம் நீண்டால் கோட்டுக்கு வெளியே போகும். அவர்களின் பெயருக்கு நேரே கோல் கட்டத்தில் விழுவது ஒன்றும் இல்லை. தர்ஜினியின் கோல் ஒவ்வொன்றுக்கும் இன்னொரு பிள்ளையின் கையும் சொந்தம் என்று நான் சொல்லும்போது சென்ரர் சட்டை போட்ட பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

இனி நான் மேசையில் செய்வதைச் சொல்கிறேன். உத்தியோகபூர்வத் தாளை எழுதுகிறவருக்கு அதைவிட வேறு வேலை கொடுக்கக்கூடாது. அவர் கண்ணெடுத்தால் ஒரு புள்ளி தவறிவிடும், அதோடு போட்டியே சண்டையாகிவிடும். ஆகவே பக்கத்தில் இன்னொருவரை இருத்துவேன். அவருக்கு ஒரு சாதாரணக் கொப்பி. கூடைப்பந்தென்றால் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு வரி. ரிபவுண்டுக்கு ஒரு குறி, கோலான பாசுக்கு ஒரு குறி, பறித்த பந்துக்கு ஒன்று, விரல் பட்டுப் பாதை மாறிய பந்துக்கு ஒன்று, கையில் இருந்து தொலைத்த பந்துக்கு ஒன்று. எதிராளி ஓடிவரும் வழியில் முதலே போய் நின்று மோதலை வாங்கி அவருக்குப் பவுல் எடுத்துக் கொடுத்தவருக்கு நான் தனிக் குறி வைத்திருக்கிறேன். அதற்கு நெஞ்சுரம் வேண்டும், சீமெந்தில் விழ வேண்டும்.

வலைப்பந்தில் குறிகள் வேறு. தவறிய ஒவ்வொரு எறிக்கும் பக்கத்தில் அதை மறித்து நின்றவர் ஆர் என்று எழுதச் சொல்வேன். வட்டத்தின் விளிம்பில் இருந்து உள்ளே போன பாஸ் ஆருடையது என்றும் எழுத வேண்டும். வாங்கிய தண்டங்களையும் எழுத வேண்டும், ஏனென்றால் பத்துத் தண்டம் கொடுத்து இரண்டு பந்து பறித்த கீப்பர் நல்ல கீப்பர் இல்லை.

இன்னொரு கணக்கு இருக்கிறது, அது கொஞ்சம் பொறுமை கேட்கும். ஓர் ஆட்டக்காரர் உள்ளே போகும்போது ஸ்கோர் என்ன, வெளியே வரும்போது என்ன என்று குறித்துக்கொள்ள வேண்டும். அவர் நின்ற நேரத்தில் அணி எத்தனை கூட எடுத்தது, எத்தனை விட்டது என்று கடைசியில் கழித்தால் போதும். தாளில் இரண்டு புள்ளியோடு நிற்கிற ஒரு பெடியன், அவன் நின்ற நேரத்தில் அணி ஒன்பது கூட எடுத்திருக்கும். அதே அணியில் ஆகக் கூட அடித்தவன் நின்ற நேரத்தில் அணி பின்னால் போயிருக்கும். ஓர் ஆட்டத்தை வைத்து மட்டும் இதை நம்பக்கூடாது, எதிரில் ஆர் நின்றார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனாலும் "இவன் நிக்கேக்க ஏன் எல்லாம் சரியாப் போகுது?" என்று பயிற்றுநரைக் கேட்கவைக்க இந்தக் கணக்கு போதும்.

இந்தக் கொப்பியோடு குழுக்களிடம் போனபோது இரண்டு மறுப்புகள் திரும்பத் திரும்ப வந்தன. வென்றவர்களுக்குக் கொடுக்காமல் தோற்றவர்களுக்குக் கொடுத்தால் வென்ற ஊர் கோவிக்கும் என்பது ஒன்று. அதில் உண்மை இருக்கிறது. ஊருக்கு ஊர் விளையாடும்போது கிண்ணம் வெறும் கிண்ணம் இல்லை. ஆனால் சம்பியன் கிண்ணம் அவர்களிடம்தான் போகிறது. தனியாள் விருது தனியாளின் ஆட்டத்துக்கு. இரண்டையும் ஒரே பக்கத்துக்குக் கொடுத்துத்தான் தீரவேண்டுமென்றால் இரண்டாவது கிண்ணம் தேவையில்லை. மற்ற மறுப்பு, புள்ளியைத் தவிர மற்றதெல்லாம் அவரவர் அபிப்பிராயம், அதை வைத்துக் கொடுத்தால் சண்டை வரும் என்பது. என் பதில், எழுதி வைத்தால் அபிப்பிராயம் குறையும். மேசை, இரண்டு அணிப் பயிற்றுநர்கள், நடுவர்கள் என்று ஆளுக்கு ஒரு வாக்கு வைத்து, கொப்பியை நடுவில் வைத்தால் ஐந்து நிமிட வேலை. சில போட்டிகளில் இப்படிச் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். ஒருமுறை தோற்ற அணியின் பெட்டைப்பிள்ளை ஒருத்தியின் பெயரை வாசித்தபோது வென்ற அணியின் பிள்ளையள்தான் முதலில் கை தட்டினார்கள். எதிரில் நின்று விளையாடியவர்களுக்குத் தெரியும்.

இதை நான் இவ்வளவு இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. தீவகத்தில் ஒரு பிள்ளைக்கு அந்தச் சின்னக் கிண்ணமும் சான்றிதழும் அடுத்த ஆண்டும் விளையாட வீட்டில் அனுமதி கேட்கிற துணிவு. கோட்டமட்டத்தில் கவனிக்கப்பட்டால் வலயமட்டம், அங்கிருந்து மாகாணம், தேசியமட்டம். தேசியமட்டச் சான்றிதழ் இருந்தால் பல்கலைக்கழக விசேட அனுமதிக்குக்கூட விண்ணப்பிக்கலாம். இந்தப் படிக்கட்டின் முதல் படியில் கோல் போடுகிறவர்களை மட்டும் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தால், மறிக்கிற பிள்ளையும் பாஸ் கொடுக்கிற பிள்ளையும் உயர்தரம் வருமுன் பந்தை விட்டுவிடுவார்கள். விட்டவர்களைக் கண்டிருக்கிறேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருந்து உங்கள் தாய் தகப்பன் நினைவாக ஊரில் போட்டி நடத்தக் காசு அனுப்புகிறீர்கள். கிண்ணத்தின் உயரத்தை அரை அடி குறைத்தாலும் பரவாயில்லை, மேசையில் இரண்டாவது ஆளை இருத்தி அவருக்குச் சாப்பாடும் ஒரு கொப்பியும் கொடுக்கச் சொல்லுங்கள். சிறந்த ஆட்டக்காரரைத் தெரிவு செய்யும்போது தோற்ற அணியின் பக்கத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். பரிசளிப்பை, நெடுந்தீவுப் பிள்ளையள் குறிகாட்டுவானுக்குப் பஸ் ஏறுமுன் வைக்கச் சொல்லுங்கள்.